முத்திருளன் சாகவில்லை

1

இந்தக் கதை ஒரு சுவரிலிருந்து திருடியது. பிறகு யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

தல்லாகுளத்தில் எங்கள் தெருமுனையில் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஒன்று இருக்கிறது. 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று அதில் எழுதியிருப்பதாக என் வீட்டுக்காரர் சொல்கிறார். நான் பார்த்ததில்லை, எப்போதும் அதன் மேல் ஏதாவது ஒட்டியிருக்கும். காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. மதுரையில் பேப்பர் வாங்காதவர்கள்கூட சுவரைப் படிக்காமல் பால் வாங்கி வர மாட்டார்கள். போன ஆவணியில் ஒரு காலை அங்கே ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, ஐம்பது அறுபது வயசு. மறுநாள் காலை அதே போஸ்டர், அதே பெயர், ஆனால் முகம் வேறு. கிட்டே போய்ப் பார்த்தேன். பழைய முகத்தின் மேல் புது முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. ஓரத்தில் பழையவரின் ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது.

அந்தக் காதுதான் இந்தக் கதை. யாரோ ஒருவர் தப்பாகச் செத்து, ஒரே நாளில் பிழைத்துவிட்டார். அவர் யார், அந்த ஒரு நாளில் யாரெல்லாம் அவருக்காக அழுதார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும், அப்புறம் எங்கே கதை எழுதுவது.

2

முதல் தொடக்கம்:

வைகையில் தண்ணீர் வந்திருந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்ற சௌரிராஜன்

வேண்டாம். மதுரைக் கதை என்றால் வைகையில் தண்ணீர் வந்தாக வேண்டும், இல்லையென்றால் வராமல் இருந்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது தெரியவில்லை.

இரண்டாவது தொடக்கம்:

முத்திருளன் இறந்த செய்தி கிடைத்தபோது சௌரிராஜன் அவரோடு பேசி மூன்று சித்திரைத் திருவிழா முடிந்திருந்தது. அவர் போய்ப் பிணத்தின் காலடியில் நின்றார். உயிரோடு இருந்தபோது கேட்காத மன்னிப்பை

இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எனக்கே கண் கலங்கியது. மூக்கைச் சிந்திவிட்டு வந்து திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. இதுவரை நான் எழுதிய கதைகளில் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பிணத்தைச் சுற்றித்தான் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கமும் அதற்குத் தோதாக இருக்கிறது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்காதவர் வீட்டுக்கும் துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. (துட்டி என்றால் இழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பது. இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் மன்னிக்கவும், மற்றவர்களுக்காகச் சொன்னேன்.) சமாதானம் செய்துவைக்க வேறு வழி தெரியாத சோம்பேறி எழுத்தாளருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு ஆளைக் கொன்றால் போதும், மிச்சப் பேரெல்லாம் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இந்தத் தடவை மாட்டேன். முத்திருளன் சாகவில்லை. கதை முடிகிற வரைக்கும் சாகமாட்டார். நிம்மதியாகப் படியுங்கள்.

3

இரண்டு பேரும் யார் என்று சொல்ல வேண்டும்.

முதல் பிரதியில் சௌரிராஜன் சேலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தார். முத்திருளன் மீசையை முறுக்கிக்கொண்டு, அரிவாளைக் கூரையில் செருகி வைத்திருந்தார். எதிர்வீட்டு இந்துப்ரியா என் கதைகளை அச்சுக்குப் போகுமுன் படிக்கிறவள். சௌராஷ்டிர வீட்டுப் பெண், பேங்க்கில் வேலை, வாய் கொஞ்சம் நீளம். பிரதியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க்கா, எங்காளுகன்னா எல்லாக் கதையிலயும் சாயத் தொட்டிக்குள்ளதான் நிக்கணுமா? எங்கப்பா ரயில்வே. எங்க தாத்தா சினிமா தியேட்டர்ல மேனேஜர். வீட்ல யாருக்கும் ஒரு கர்ச்சீப்புக்குக்கூட சாயம் போடத் தெரியாது."

"சரி, மாத்திடுறேன்."

"அப்படியே அந்த முத்திருளன் வீட்டு அருவாளையும் எடுத்துருங்க. அப்படி ஒரு ஆளை நெசமா நீங்க எங்க பாத்தீங்க?"

சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். சாயத்தைக் கழுவி, அரிவாளைப் பிடுங்கி, வெறுங்கையோடு நின்ற இரண்டு பேரையும் ஒரே அரசு அலுவலகத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் அவர்களே பழக ஆரம்பித்துவிட்டார்கள், எனக்கு வேலையே இல்லை.

சௌரிராஜனுக்கு வீடு தல்லாகுளத்திலேயே. முத்திருளனுக்கு சோழவந்தான் பக்கம் ஒரு கிராமம். தினமும் பாசஞ்சர் ரயிலில் வந்து போவார். வீட்டில் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, திங்கட்கிழமை தோறும் வாழைச்சருகில் சுற்றிய வெற்றிலை சௌரிராஜனின் மேஜைக்கு வந்துவிடும். சாயங்காலம் சௌரிராஜன் தன் வண்டியில் முத்திருளனை ஸ்டேஷனில் இறக்கிவிடுவார். இறக்கிவிட்டு, "சரிய்யா, கிளம்புறேன்" என்பார். முத்திருளன் வண்டிச் சாவியை உருவி எடுத்துக்கொள்வார்.

"அதென்னண்ணே கிளம்புறேன்? ராக்கெட்டா கிளம்புறதுக்கு? போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

"உன்னோட பெரிய ரோதனையா போச்சுய்யா."

"சொல்லுங்கண்ணே, ரயிலு போயிரும்."

சொன்னால்தான் சாவி திரும்பக் கிடைக்கும். இருவரும் ஓய்வு பெறுகிற வரை இந்தக் கூத்து ஸ்டேஷன் வாசலில் நடந்தது.

4

[இந்தப் பகுதியில் பாதியை எடுத்துவிட்டேன்.]

இங்கே இரண்டு வாக்கியங்கள் இருந்தன. ஓய்வு பெற்ற சகாக்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப். பேரன் போட்டோ, முழங்கால் வலிக்குக் கஷாயம் என்று போய்க்கொண்டிருந்தது. தேர்தல் சமயத்தில் யாரோ ஒரு ஃபார்வர்டைத் தூக்கிப் போட்டார்கள். போட்டது இவர்கள் இருவரும் இல்லை. அதை முதலில் எழுதியவர் மதுரையை மேப்பில்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் இவர்கள் இரண்டு பேரும் அதில் மாட்டிக்கொண்டார்கள். பல நூறு வருஷமாக இந்த ஊரில் இருக்கும் சௌரிராஜனின் ஆட்களைப் பிழைக்க வந்தவர்கள் என்று முத்திருளன் ஒரு வரி போட்டார். முத்திருளனின் ஆட்களுக்குக் கத்தியை எடுப்பதைத் தவிர என்ன தெரியும் என்று சௌரிராஜன் ஒரு வரி போட்டார்.

அவர்கள் போட்ட வார்த்தைகளை அப்படியே எழுதிப் பார்த்தேன். பக்கத்தில் மற்ற எல்லா வரியையும்விட அவை இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. அழித்துவிட்டேன். கவனித்திருப்பீர்கள், என் முதல் பிரதியில் இருந்த சாயத் தொட்டியும் அரிவாளும் இதே சரக்குதான். நானும் அந்த குரூப்பில்தான் இருந்தேன் போல.

அன்று சாயங்காலம் திரையில் 'சௌரிராஜன் வெளியேறினார்' என்று ஒரு வரி விழுந்தது. முத்திருளனின் நம்பரை பிளாக் செய்தார். சாவியைப் பிடுங்க யாரும் இல்லாததால் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்.

5

இனி அந்தப் போஸ்டர்.

செத்துப்போனது ஜெயபாண்டி. முத்திருளனின் சித்தப்பா மகன். தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்றவர், அதனால்தான் எங்கள் சுவர் வரைக்கும் போஸ்டர் வந்தது. மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நடந்திருந்தது. எங்கள் ஊர்க் கல்யாண ஃபிளெக்ஸை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில், சுற்றிலும் தாய்மாமன், பங்காளி, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் வட்டத்துக்குள் கை கூப்பியபடி. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. இழவு வீட்டில் தனிப் போட்டோவுக்கு எங்கே போவார்கள்? டிசைன் கடை இம்மானுவேலுக்குப் போன் போட்டு, "அந்தக் கல்யாண ஃபிளெக்ஸ் உங்ககிட்டதானே இருக்கு, அதுல வலது ஓரம் மேல இருக்காரு பாருங்க" என்றார்கள். யாருக்கு வலது என்று அவர்கள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரே குடும்பத்து மூக்கு, ஒரே மாதிரி மீசை. இடது ஓரத்தில் இருந்த முத்திருளனை வெட்டி எடுத்துக் கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே வைத்துவிட்டார்.

பெயர் சரியாகத்தான் இருந்தது. ஆனால் விடிவதற்குள் அதன் மேல் ஒரு டியூஷன் சென்டர்காரன் தன் போஸ்டரை ஒட்டிவிட்டான். மிஞ்சியது கண்ணீர் அஞ்சலியும் முத்திருளன் முகமும் மட்டும். (நான் பார்த்த நிஜப் போஸ்டரில் பெயர் நன்றாகவே தெரிந்தது. டியூஷன் சென்டரைக் கொண்டுவந்தது நான்தான். தேவைப்பட்டது.)

6

காலையில் நடக்கப் போன சௌரிராஜன் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

நீங்கள் கேட்கலாம், ஒரு போன் போட்டு விசாரித்தால் என்ன? நானும் கேட்டேன். யாருக்குப் போடுவது? அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே நம்பர் செத்துப்போனவருடையது. இன்னொன்றும் உண்டு. பருத்திப்பால் வண்டி கொஞ்ச நாளாக வரவில்லை. ஜெயபாண்டி முத்திருளனின் சொந்தம் என்று சௌரிராஜனுக்குத் தெரியும். முத்திருளனுக்கு உடம்பு முடியாமல் இருந்திருக்கிறது, ஜெயபாண்டி கூட இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், அதுதான் வண்டி வரவில்லை என்று அவர் நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுவிட்டார். கணக்கு பொருந்தியது. தப்பான கணக்கு இப்படித்தான் சில நேரம் அழகாகப் பொருந்தும்.

வீட்டுக்கு வந்து மனைவி அலர்மேல்மங்கையிடம் சொன்னார். (அவர்கள் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். நான் தமிழில் எழுதுகிறேன்.)

"முத்திருளன் போயிட்டான்."

அலர்மேல்மங்கை அடுப்பை அணைத்தார்.

[இங்கே அவர் சொல்வதாக சௌராஷ்டிரத்தில் ஒரு வரி வேண்டும். எனக்குத் தெரியாத பாஷையில் எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று இந்துப்ரியாவிடம் கேட்டேன். "அந்த நேரத்துல எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. சட்டைய எடுத்துக் குடுப்பாங்க" என்றாள்.]

அலர்மேல்மங்கை பீரோவிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்குற மூஞ்சியோடதான். அந்தம்மா தனியா உக்காந்திருக்கும். போங்க."

பெருமாள் கோவில் வாசலில் பூ விற்கும் ரெங்கம்மாளிடம் மாலை கேட்டார்.

"நல்லதுக்கா சார், கெட்டதுக்கா?"

எங்கள் ஊரில் பூக்காரர்கள் எல்லோரும் கேட்பதுதான். அதற்குத் தகுந்தாற்போல மாலை வேறு.

"என்கூட வேலை பாத்தவருக்கும்மா."

"அது சரி சார். நல்லதுக்கா, கெட்டதுக்கா?"

"கெட்டதுக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. ரெங்கம்மாள் வேறு பக்கம் பார்த்தபடி மாலையைப் பொட்டலம் கட்டினார்.

7

பரவை, சமயநல்லூர் தாண்டி தேனூர்ப் பக்கம் திரும்பியதும் ஊர்ச் சத்தம் நின்றுவிடும். இரண்டு பக்கமும் வயல், தென்னந்தோப்பு, ரோட்டோடு கூடவே ஓடிவரும் வாய்க்கால். இந்த இடத்தை ரொம்ப வர்ணிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், துட்டிக்குப் போகிறவர் கண்ணில் வயலா படும் என்று. ஆனால் பட்டது. அந்தப் பச்சை அவ்வளவு நன்றாக இருந்தது. முத்திருளன் இதை இனிப் பார்க்க மாட்டான் என்று நினைத்ததும் அவருக்குக் கோபம் வந்தது, வயல் மேலேயே.

ஹெல்மெட்டுக்குள் பேச ஆரம்பித்தார். "நான் சொன்னது தப்புய்யா. சொன்ன அன்னைக்கே தெரியும். நீ போட்டதும் தப்புதான், ஆனா நீ போட்டது எனக்கு இப்ப ஞாபகம்கூட இல்ல. நான் போட்டதுதான் இருக்கு. உன்னைத் தேடி வந்திருக்கணும். சாவியப் பிடுங்குறதுக்கு ஒரு ஆளில்லாமப் போச்சே எனக்கு." வெளியே ஒன்றும் கேட்டிருக்காது. கண்ணாடியில் மட்டும் உள்ளே ஆவி படிந்தது.

செத்தவரிடம் பேசுவது சுலபம், பதில் பேச மாட்டார். உங்களுக்குத்தான் விஷயம் தெரியுமே, அவர் பதில் பேசுவார். சௌரிராஜனுக்கு அது இன்னும் தெரியாது.

முத்திருளன் வீட்டு வாசலில் பந்தல் இல்லை. வாடகை நாற்காலிகள் இல்லை. அதற்குள் எடுத்துவிட்டார்களோ என்று நினைத்தார். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சோலையம்மாள் நிமிர்ந்தார். முத்திருளனின் மனைவி. மாலையைப் பார்த்தார், ஹெல்மெட்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்.

"ஆத்தாடி, சௌரியண்ணே." பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, வெளிய வாங்க. ஒங்களுக்கு மாலை வந்துருக்கு."

ஒரு கன்னத்தில் சவர நுரையோடு முத்திருளன் வந்து வாசற்படியில் நின்றார்.

சௌரிராஜன் பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார், மாலைப் பொட்டலம் மடியில், ஹெல்மெட் தலையில்.

"அண்ணே" என்றார் முத்திருளன். "வேர்த்து ஊத்துது பாருங்க. அந்த ஹெல்மெட்டக் கழட்டுங்கண்ணே."

"கழட்டுறேன்யா. செத்த இரு."

ஹெல்மெட்டுக்குள் அவர் அழுது முடிக்கும் வரை இருவரும் காத்திருந்தார்கள். சந்தோஷத்தில்தான் அழுதார், அதில் சந்தேகம் வேண்டாம்.

8

"காலையிலேர்ந்து போனு ஓயாம அடிக்குதுண்ணே. முத்திருளன் எப்பச் செத்தாரு, எத்தனை மணிக்கு எடுக்குறாங்கன்னு எங்கிட்டயே கேக்குறாங்க. இருக்கேன்ப்பான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஆனா மாலையோட நேர்ல வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப யாருய்யா போனது?"

"நம்ம ஜெயபாண்டி. நெஞ்சு சளின்னு படுத்தான். நேத்து மதியம் போயிட்டான். ராத்திரி பூரா அங்கதான் இருந்தேன், இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன்."

சௌரிராஜன் ஹெல்மெட்டைக் கழற்றினார். சோலையம்மாள் மோர் கொண்டுவந்தார். துட்டிக்கு வந்தவர் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. பழக்கத்தில் சௌரிராஜன் கையை ஆட்டினார்.

"இது துட்டி வீடு இல்லண்ணே. இந்தா, அரைச் சவரத்தோட உசுரா நிக்கிறாருல்ல. குடிங்க."

குடித்தார். இன்னொரு சொம்பும் வாங்கிக் குடித்தார்.

இங்கே ஒரு மன்னிப்புக் காட்சி வேண்டும். "முத்திருளா, அன்று நான் உன் மனத்தைப்

இப்படி சோழவந்தான் பக்கம் உயிரோடு இருக்கிற எவரும் பேச மாட்டார்கள். தவிர, சௌரிராஜன் தன் பங்கை எல்லாம் தேனூர் ரோட்டிலேயே பேசித் தீர்த்துவிட்டு வந்திருக்கிறார். நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டே முத்திருளன்தான் ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் அப்படிப் போட்டுருக்கக் கூடாதுண்ணே. இன்ன வரைக்கும் நெஞ்சுக்குள்ள கெடக்கு."

"நான் போட்டது மட்டும் என்னவாம்."

"நான் போட்டதுக்குத்தானே நீங்க போட்டீங்க."

"இப்படி ஆரம்பிச்சா முடியாதுய்யா. விடு."

"குரூப்ல திரும்பச் சேக்கச் சொல்லவாண்ணே?"

"நீ இன்னும் அதுலயா இருக்க?"

"எங்க. நீங்க போன மறுநாளே நானும் வெளிய வந்துட்டேன்."

சௌரிராஜன் சிரித்தார். மூன்று சித்திரைத் திருவிழாவாக, தனக்கு எதிராக இன்னும் அங்கே பேசிக்கொண்டிருப்பான் என்று அவர் நினைத்திருந்த ஆள், அந்த இடத்திலேயே இல்லை. அது தெரிந்ததில் அவருக்கு ஏற்பட்ட ஆறுதலை என்னால் அளந்து சொல்ல முடியவில்லை. இரண்டு சொம்பு மோரைவிட அதிகம்.

9

மாலை இன்னும் மடியில் இருக்கிறது. அதை என்ன செய்வது? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) முத்திருளன் விளையாட்டாக அதை வாங்கித் தானே போட்டுக்கொள்கிறார். சோலையம்மாள் கதைக்குள்ளிருந்து எழுந்து வந்து என்னை விளக்குமாற்றால் அடிப்பார். கிடையாது.

ஆ) வாய்க்காலில் விட்டுவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த தெருவில் ஒருவர் நிஜமாகவே செத்துக் கிடக்கும்போது மாலையைத் தண்ணீரில் விட யாருக்கு மனசு வரும்?

இ) இருவரும் ஒரே வண்டியில் ஜெயபாண்டி வீட்டுக்குப் போகிறார்கள். மாலை போக வேண்டிய கழுத்துக்கே போகிறது.

'இ' எனக்குப் பிடித்தது. இந்துப்ரியாவிடம் பெருமையாகக் காட்டினேன். படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

"அக்கா, பிணத்த வச்சு சேத்து வைக்க மாட்டேன்னு மொதப் பக்கத்துல சபதம் போட்டீங்க."

"ஆமா. முத்திருளன் சாகலையே."

"ஜெயபாண்டி செத்துட்டாருல்ல. இவுங்க ரெண்டு பேரும் சேருறதுக்கு அவரு சாகணுமா? அவரு யாரு, எப்படிப்பட்ட ஆளு, ஒரு வரி இருக்கா? ஃபிளெக்ஸ்ல ஓரத்துல நின்னாரு, செத்தாரு. அம்புட்டுதான்."

அன்று நான் சமைக்கவில்லை. வீட்டுக்காரர் ஹோட்டலில் வாங்கி வந்தார். ஒரு ஆளை மறைத்து வைத்துக்கொண்டு இன்னொரு ஆளைக் காப்பாற்றியிருக்கிறேன். அவள் சொன்னது சரி. ஜெயபாண்டியை இனிப் பிழைக்க வைக்க முடியாது, போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஆனால் அவர் உயிரோடு இருந்த நாட்கள் என் கையில்தானே இருக்கின்றன. எழுதினேன்.

10

வண்டியில் போகும்போது பின்னால் உட்கார்ந்திருந்த முத்திருளன் சொன்னார்:

"சுகரு எம்புட்டுண்ணே இப்ப? கூடிப்போச்சுன்னு ஜெயபாண்டி சொன்னான்."

சௌரிராஜன் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அவன் ஏன் உங்கிட்ட அதைச் சொல்றான்?"

"தெனமும் சொல்லுவான்ண்ணே. ராத்திரி வண்டிய விட்டுட்டு நம்ம வாசலத் தாண்டித்தானே போகணும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவனா நின்னு சொல்லுவான். ஒங்கண்ணன் இன்னைக்கு வெல்லம் போடாம கேட்டாரு. ஒங்கண்ணன் இன்னைக்கு வாக்கிங் போகல, மழை. ஒங்கண்ணன் சட்டை புதுசு. சொல்லிட்டுப் போயிருவான்."

சௌரிராஜன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினமும் சாயங்காலம் பருத்திப்பால் தம்ளரைக் கையில் கொடுக்கும்போது ஜெயபாண்டி, யாரும் கேட்காமல், வேறு யாருக்கோ சொல்வதுபோலச் சொல்வார். "முத்திருளன் இன்னைக்குக் கொடிக்காலுக்குத் தண்ணி கட்டுனான்." "முத்திருளனுக்குக் கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு." சௌரிராஜன் பதில் சொன்னதே இல்லை. ஆனால் சேதி முடிகிற வரைக்கும் பருத்திப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிப்பார்.

"எனக்கும் சொல்லுவான்யா" என்றார்.

"ஒங்களுக்குமா?"

"தெனம்."

இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்றார்கள். அவர்கள் பழக்கம் முழுசாக விட்டுப்போகவே இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஒருவருக்கொருவர் என்ன சாப்பிட்டார்கள் என்பது வரை தெரிந்திருந்தது. குரூப்பில் ஒன்றையும் ஃபார்வர்டு செய்யாத ஒரு மனுஷன் தினமும் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சேதி கொண்டு போயிருக்கிறான், யாரும் கேட்காமல், ஒரு வார்த்தை கூட்டாமல்.

"நான் ஒருக்காகூட பதிலு சொல்லல அவனுக்கு" என்றார் சௌரிராஜன்.

"நான் மட்டும் என்னத்தச் சொன்னேன்? ஏறுங்கண்ணே. போவம்."

11

ஜெயபாண்டி வீட்டு வாசலில் டிசைன் கடை இம்மானுவேல் பசை வாளியோடு நின்றிருந்தார். சேதி தெரிந்ததும் சரியான முகத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்து, அங்கே சுவரில் இருந்த போஸ்டரில் ஒட்டியிருந்தார். முத்திருளனைப் பார்த்ததும் கும்பிட்டார், கிட்டத்தட்ட அழுதுவிட்டார்.

"அண்ணே, தெரியாம நடந்துருச்சு. எல்லா இடத்துலயும் மாத்தி ஒட்டிர்றேன். தல்லாகுளத்துக்கும் நாளைக்குக் காலையில நானே போறேன்."

முத்திருளன் சுவரைப் பார்த்தார். "நல்லாத்தான் ஒட்டியிருக்க. என் காத மட்டும் ஏன் வெளிய விட்டுட்ட?"

இம்மானுவேல் அதை மூடப் போனார். "இருக்கட்டும் விடுப்பா" என்றார் முத்திருளன். "அவன் பேசுறத நான் கேட்டுக்கிட்டு இருந்த காதுதான்."

சௌரிராஜன் உள்ளே போய் மாலையை ஜெயபாண்டிக்குப் போட்டார். ஜெயபாண்டியின் மனைவிக்கு அவர் யாரென்று தெரியவில்லை. "வெல்லம் போடாம குடிப்பேன்மா" என்றார். அந்த அம்மாள் தலையை ஆட்டினார். தெரிந்திருந்தது.

திரும்பும்போது இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. இழவு வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது, திரும்ப இப்படி ஒரு காரியத்துக்கு வரக் கூடாது என்பதால். எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பேசாமல் வந்துவிட வேண்டும். வந்துவிட்டார்கள்.

12

இதோடு முடித்திருக்கலாம். மாலை போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒரு ஆளை இன்னும் வீட்டில் இறக்கிவிடவில்லை.

துட்டிக்குப் போய்விட்டுக் குளிக்காமல் இன்னொரு வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆகவே சௌரிராஜன் வண்டியை விட்டு இறங்கவில்லை. வாசலிலேயே நிறுத்தி முத்திருளனை இறக்கிவிட்டார். சோலையம்மாள் வாழைச்சருகில் சுற்றிய வெற்றிலையைக் கேட்டுக்கு வெளியே வந்து வண்டியின் முன்பெட்டியில் வைத்தார். அன்று திங்கட்கிழமை இல்லை.

முத்திருளன் இறங்கிய வேகத்தில் வண்டிச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

சௌரிராஜன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் சவரம் செய்தது, ஒரு பக்கம் செய்யாதது. இது இழவு வீடு இல்லை. இங்கே சொல்லலாம்.

அவர் சொன்னாரா என்று என்னைக் கேட்காதீர்கள். இந்துப்ரியா வேறு பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறாள். மேற்கோள் குறியைத் திறந்து வைக்கிறேன். மிச்சம் உங்களுடையது. யாரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்தீர்களோ அவரை நினைத்துக்கொண்டு, வாய்விட்டே சொல்லுங்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் காத்திருக்கிறார்.

"சரிய்யா முத்திருளு" என்றார் சௌரிராஜன். "போயிட்டு